ரோட்டரில் படியும் சாம்பல் படலம்: மவுண்டன் பைக் பிரேக்கைக் குறைந்த செலவில் மேம்படுத்துவது எப்படி?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மகனுக்கு வாங்கிய மவுண்டன் பைக்கில் கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்து மேட்டிலிருந்து செம்மண் பாதையில் இறங்கும்போது லிவரை முழுக்கப் பிடித்தாலும் வண்டி நிற்பதில்லை. மழை பெய்தால் ஊரே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்துகிறது. கடையில், கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் செட் மாற்றச் சொல்கிறார்கள். அதைவிடக் குறைந்த செலவில் வழி உண்டா?"

உண்டு. பெரும்பாலான மலிவு வண்டிகளில் கோளாறு காலிப்பரில், அதாவது உராய்வுக் கட்டைகளை அழுத்தும் கிடுக்கியில், இருப்பதில்லை. அந்தக் கட்டையான பேடும், சக்கரத்தோடு சுழலும் எஃகுத் தகடான ரோட்டரும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் இருக்கிறது. காசை முதலில் அங்கே போட வேண்டும்.

பிரேக்கின் வேலை இயக்க ஆற்றலை வெப்பமாக்குவது. பள்ளியில் படித்ததுதான். பையனும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். 100 மீட்டர் உயரத்திலிருந்து வேகம் கூடாமல் இறங்கினால், ஏறத்தாழ 83 கிலோஜூல் ஆற்றல் வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடாக்கப் போதுமான ஆற்றல் அது. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் 1.8 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு எஃகுத் தகடுகளுக்குள் போகிறது.

இனி அந்தத் தகட்டைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். புது ரோட்டர் கண்ணாடிபோல் மின்னும். நன்றாகப் பிடிக்கும் பழைய ரோட்டரில் பேட் உரசும் பட்டை மட்டும் மங்கலாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். பலரும் அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் பிரேக்கே அதுதான். பேடில் உள்ள பிசினும் நாரும் உலோகத் துகளும் சூட்டில் இளகி, ரோட்டரின்மேல் மிக மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு பேட் உரசுவது எஃகின்மேல் அல்ல, தன் சொந்தப் பொருளின்மேல். ஒரே பொருளின் இரு பரப்புகள் அழுத்தத்தில் நொடிக்கு நொடி ஒட்டுகின்றன, உடனே பிய்கின்றன. ஒவ்வொரு முறை பிய்வதற்கும் ஆற்றல் செலவாகிறது. வண்டியின் வேகத்தைத் தின்பது இந்த ஒட்டலும் பிய்தலும்தான். படலம் இல்லாவிட்டால் பேட் வெறும் எஃகைச் சுரண்டத்தான் முடியும். பிடிப்பு முழுதாக வராது, பேடும் சீக்கிரம் தேயும்.

ஆகவே புது பேடோ ரோட்டரோ போட்ட அன்றே இந்தப் படலத்தை நாமே படிய வைக்க வேண்டும். சமதளமான, வண்டி போகாத சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வாருங்கள். ஒரே பிரேக்கைச் சீராகப் பிடித்து நடக்கும் வேகத்துக்குக் குறையுங்கள். முழுதாக நிற்க வேண்டாம், சக்கரமும் பூட்டிக்கொள்ளக் கூடாது. இப்படி 20 தடவை. பிறகு கொஞ்சம் கூடுதல் வேகத்தில் 10 தடவை. அடுத்த பிரேக்குக்கும் இதே வேலை. ஏன் நிற்கக் கூடாது? சூடான பேட் ஓரிடத்தில் அசையாமல் நின்றால் அந்த இடத்தில் மட்டும் படலம் தடிப்பாகப் படியும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் திட்டு பேடுக்குள் வரும்போது லிவர் துடிக்கும். ரோட்டர் கோணிவிட்டது என்று புதிது வாங்குகிறவர்கள் பலருக்கு உண்மையில் இந்தத் திட்டுதான் கோளாறு.

இந்தப் படலத்துக்கு ஒரே பெரிய எதிரி எண்ணெய். பேட் நுண்துளைகள் நிறைந்தது, விளக்குத் திரிபோல் உறிஞ்சிக்கொள்ளும். ஒட்ட வேண்டிய பரப்புகளுக்கு இடையே எண்ணெய் புகுந்தால் பிடிப்பு போய்விடும். ஒட்டுவதும் நழுவுவதும் மாறி மாறி நடந்து தகடு அதிரும். வயலின் கம்பியில் வில் எழுப்பும் ஒலியும் இதே வகைதான். மழையில் சிறிது நேரம் கத்துவது இயல்பு, ஓரிரு சுற்றில் நீர் வழிந்துவிடும். காய்ந்த பிறகும் கத்தினால் எண்ணெய் என்று சந்தேகப்படுங்கள்.

தோட்டத்து ஊர்களில் எண்ணெய்க்குப் பஞ்சமா? குலை ஏற்றிய லோரி போகும் பாதையெல்லாம் உதிரிப் பழம் நசுங்கிக் கிடக்கும். செம்பனை எண்ணெய் சாதாரண வெப்பத்திலேயே பாதி உறைந்து நிற்பதால் சேற்றோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். வெறும் தண்ணீரில் போகாது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ரோட்டரைக் கழுவி, நன்றாக அலசி, காய்ந்ததும் மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் தொட்டுத் துடையுங்கள். அதற்குப் பின் விரல் படக் கூடாது. சங்கிலிக்கு ஸ்பிரே அடிக்காமல் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுங்கள்.

ஆயுத பூஜையில் சைக்கிளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் வழக்கம், அழகான வழக்கம். பொட்டு ஹேண்டில்பாரில் இருக்கட்டும், ரோட்டரில் வேண்டாம். எலுமிச்சை நசுக்கித் திருஷ்டி கழித்தாயிற்று, இனி ஒன்றும் ஆகாது என்று தேய்ந்த பேடோடு பையனை மேட்டிலிருந்து இறக்கிவிடுவதை மட்டும் ஏற்கவே முடியாது. இன்னொரு நம்பிக்கை, எண்ணெய் குடித்த பேடை அடுப்பில் சுட்டால் சரியாகிவிடும் என்பது. எண்ணெய் ஆழத்தில் இருந்தால் மறுபடி மேலே கசியும். அதிகம் சுட்டால் பேடைக் கட்டிவைத்திருக்கும் பிசின் கருகி உதிரும். தூக்கிப் போடுங்கள்.

பேட் இரண்டு முக்கிய வகை. ரெசின் பேட் சத்தமில்லாதது, குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கும். ஆனால் செம்மண் சேற்றில் வேகமாகத் தேயும். தொடர்ந்து பிடித்தே இறங்கினால் பிசின் சூடேறி வாயு கக்கும். பேடுக்கும் தகட்டுக்கும் நடுவே அந்த வாயு புகுந்து பிடிப்பைக் குறைக்கும். சின்டர்டு எனப்படும் உலோகப் பேட் சேற்றையும் சூட்டையும் தாங்கும், கொஞ்சம் கத்தும். மழைக்கால ஓட்டத்துக்கு என் பரிந்துரை அதுவே. ஆனால் மலிவு வண்டியின் ரோட்டரில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறித்திருக்கும். அந்த மென்மையான எஃகை உலோகப் பேட் சுரண்டித் தின்றுவிடும். அங்கே ரெசினே போடுங்கள், அல்லது ரோட்டரையும் சேர்த்து மாற்றுங்கள். பேடின் உராய்வுப் பகுதி 0.5 மில்லிமீட்டருக்கு வந்தாலோ, ரோட்டர் 1.5 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தாலோ மாற்றும் நேரம். பேட் வடிவங்கள் பல, பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். செம்பனைக் கொட்டையின் ஓட்டை அரைத்து பிரேக் பேடில் நிரப்பியாகச் சேர்க்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நம் ஆலைகளில் மலைபோல் குவியும் பொருள் அது. இத்தகைய ஆய்வுகள் ஆய்வேட்டோடு நின்றுவிடாமல் கடைவரை வர வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்குவது வீணல்ல, கடமை.

அடுத்து, செலவே இல்லாத வேலை. ஒற்றைப் பக்கம் நகரும் கேபிள் காலிப்பரில் வெளிப் பேட் மட்டுமே அசையும். அது ரோட்டரை வளைத்து, அசையாத உட்பேடின்மேல் அழுத்தும். உட்பேட் தூரத்தில் இருந்தால் உங்கள் கைவலிமை தகட்டை வளைப்பதிலேயே போய்விடும். கேபிளைத் தளர்த்தி, அது இழுக்கும் காலிப்பரின் கை முழுக்கத் தளர்ந்த நிலைக்கு வரட்டும். காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் 5 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் இளக்குங்கள். உட்பேடின் திருகைத் திருப்பி ரோட்டரை நெருங்கச் செய்யுங்கள். கேபிளை மாட்டி, லிவரை இறுக்கிப் பிடித்தபடியே இரு போல்ட்டையும் மாறி மாறி முடுக்குங்கள். பிறகு உட்பேடை விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு மட்டும் பின்வாங்குங்கள். எல்லோரும் செய்யும் தவறு, பேட் தேயத் தேய கேபிளை மட்டுமே இறுக்கிக்கொண்டு போவது. அப்போது காலிப்பரின் கை பாதி தூரத்திலிருந்தே புறப்படும், கடைசியில் ஒரு கட்டத்தில் முட்டி நிற்கும். பேட் அதற்கு மேல் நகராது.

பிறகு கேபிளும் உறையும். உறைக்குள் செம்மண் புகுந்தால் இழுக்கும் விசை வழியிலேயே கரைந்துவிடும். புது ஸ்டெயின்லெஸ் உள்கம்பி, 5 மில்லிமீட்டர் பிரேக் உறை போடுங்கள். வெட்டிய முனையை அரத்தால் தட்டையாக்கி முனைத் தொப்பி மாட்டுங்கள். மேடு பள்ளமாக விட்டால் லிவர் பஞ்சுபோல் அமுங்கும். கியர் உறையை மட்டும் பிரேக்குக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் கம்பிகள் நீளவாக்கில் ஓடுபவை, பலமாகப் பிடிக்கும்போது வெடித்துப் பிளக்கும்.

இன்னும் போதவில்லை என்றால் முன் ரோட்டரை 160 மில்லிமீட்டரிலிருந்து 180 ஆக்குங்கள். அதே விசை அச்சிலிருந்து கூடுதல் தொலைவில் செயல்படுவதால் நிறுத்தும் திருப்புவிசை 12.5 விழுக்காடு கூடும். தகடும் பெரிதாவதால் சூடு குறையும். பெரிய ரோட்டருக்கு ஏற்பக் காலிப்பரைத் தள்ளி வைக்கப் பொருந்தும் அடாப்டர் தேவை. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் எந்த அளவுவரை தாங்கும் என்று பார்த்தே வாங்குங்கள். பிரேக் பிடிக்கையில் எடை முன்னால் சாய்வதால் முன் சக்கரத்துக்குத்தான் முதலிடம்.

கடைக்காரர் சொன்ன ஹைட்ராலிக் செட் கடைசிப் படி. நல்ல பொருள்தான். லிவரில் 10 மில்லிமீட்டர் பிஸ்டனும் காலிப்பரில் 22 மில்லிமீட்டர் பிஸ்டனும் இருந்தால், பாஸ்கல் விதிப்படி விசை ஏறத்தாழ 4.8 மடங்காகும். இரு பேடும் சேர்ந்து நகரும், உறையில் உராய்வு இல்லை. ஷிமானோ எம்டி200 போன்ற தொடக்கநிலை செட் எண்ணெய் நிரப்பியே வரும். முன் பிரேக் எந்தக் கைக்கு, எண்ணெய் ஓடும் ஹோஸ் எவ்வளவு நீளம் என்று பார்த்து வாங்கினால் அதை வெட்டவோ உள்ளே புகும் காற்றை எடுக்கவோ தேவைப்படாது. ஷிமானோவுக்கு மினரல் ஆயில்தான். காருக்கு ஊற்றும் டாட் திரவம் அதன் ரப்பர் சீலை ஊதவைத்துக் கெடுத்துவிடும். சக்கரத்தைக் கழற்றிய நேரத்தில் பிள்ளைகள் லிவரைப் பிடித்து விளையாடினால் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். செட்டோடு வரும் அந்தப் பிளாஸ்டிக் துண்டைப் பத்திரமாக வைத்து, சக்கரம் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே செருகிவிடுங்கள்.