பெயர் தொலைந்த பாட்டுகள்

என் பழைய லேப்டாப் ஒருநாள் காலையில் உயிர் பெறவில்லை. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினேன். 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். மறுநாள் பார்த்தால் ஃபோல்டர் ஃபோல்டராகப் பாட்டுகள். ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. எஃப் என்று ஓர் எழுத்து, அதன் பின்னால் நீளமாக ஓர் எண், அவ்வளவுதான். ஏதோ ஒன்றைத் தட்டினேன். முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை சுத்தமாகப் பாடியது.

பாட்டு முழுசாகத் தப்பியிருக்கிறது, பெயர் மட்டும் எப்படிப் போனது?

டிஸ்க்கில் பாட்டும் அதன் பெயரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பாட்டின் தரவு ஓரிடத்தில் கிடக்கும். கோப்பின் பெயர் என்ன, எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது, டிஸ்க்கில் எங்கே தொடங்குகிறது என்ற விவரமெல்லாம் தனியாக ஒரு அட்டவணையில் இருக்கும். அந்த அட்டவணை சிதைந்தால் டிஸ்க் காலியாக இருப்பது போலத் தெரியும், ஆனால் உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். டெலிட் செய்யும்போதும் இதேதான் நடக்கிறது. அட்டவணையில் 'இந்த இடம் காலி' என்று குறிப்பார்களே தவிர, பாட்டை உடனே அழிப்பதில்லை. புதிதாக ஏதாவது அதே இடத்தில் எழுதப்படும்போதுதான் அது உண்மையில் போகும். அதனால்தான் பழுதான டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். மீட்பு மென்பொருளைக்கூட அதில் நிறுவக் கூடாது, மீட்ட கோப்புகளையும் அதிலேயே சேமிக்கக் கூடாது.

சரி, அட்டவணையே இல்லாமல் மீட்பு மென்பொருள் பாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கேதான் எம்பி3 வடிவத்தின் அழகு இருக்கிறது. எம்பி3 என்பது ஒரே நீளமான பொருள் அல்ல, சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்த மாலை. துண்டுக்கு ஃபிரேம் என்று பெயர். கம்ப்யூட்டர் ஒலியை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எண்களாக வைக்கிறது, ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்த பாட்டில் ஒரு ஃபிரேமுக்கு 1,152 மாதிரிகள், அதாவது 26 மில்லிநொடி இசை. நான்கு நிமிடப் பாட்டில் இப்படிக் கிட்டத்தட்ட 9,200 துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் 4 பைட் குறிப்பு உண்டு. அது தொடர்ந்து 11 ஒன்றுகளோடு ஆரம்பிக்கும்: 11111111 111. மீதிப் பிட்டுகளில் பிட்ரேட் (ஒரு நொடி இசைக்கு எத்தனை பிட் செலவாகிறது என்பது) எவ்வளவு, நொடிக்கு எத்தனை மாதிரி என்பதெல்லாம் இருக்கும்.

மென்பொருள் டிஸ்க்கை வரிசையாக வாசித்துக்கொண்டே போகிறது. 11 ஒன்றுகள் சேர்ந்து வந்தால் சந்தேகம் வரும். தற்செயலாகவும் வரலாம் அல்லவா? அதனால் குறிப்பைப் படித்துக் கணக்குப் போடுகிறது. பிட்ரேட் 128 கிலோபிட் என்றால் 144-ஐ 1,28,000-ஆல் பெருக்கி 44,100-ஆல் வகுக்க வேண்டும், 417 சொச்சம் வரும். ஆக அடுத்த துண்டின் தலை 417 அல்லது 418 பைட் தள்ளி இருந்தாக வேண்டும். அங்கே போய்ப் பார்க்கிறது. இருந்தால் அடுத்தது, அப்புறம் அதற்கடுத்தது. இப்படிப் பல துண்டுகள் வரிசையாகப் பொருந்தினால் அது பாட்டுதான். என் கோப்புகளின் பெயரில் இருந்த எண்ணும் வேறொன்றுமில்லை, அந்தப் பாட்டு டிஸ்க்கில் எந்த இடத்தில் தொடங்கியது என்ற முகவரி.

இன்னொரு நன்மையும் இதில் உண்டு. நடுவில் சில பைட்டுகள் கெட்டுப்போனாலும், பிளேயர் அடுத்த தலையைத் தேடிப் பிடித்து மேற்கொண்டு பாடிவிடும். காதில் ஒரு 'டக்' மட்டும் விழும். ஆனால் ஒரே பாட்டு டிஸ்க்கில் பல இடங்களில் சிதறிக் கிடந்தால் பாதியில் அறுந்துபோகலாம்.

பெயருக்கு வருவோம். கோப்பின் பெயர் போனாலும், பாட்டுக்குள்ளேயே ஒரு சீட்டு இருக்க வாய்ப்புண்டு. அதுதான் ஐடி3 டேக். 1996-இல் வந்த முதல் வடிவம் கோப்பின் கடைசி 128 பைட்டில் உட்கார்ந்திருக்கும், தலைப்புக்கு 30 பைட்தான் இடம். அடுத்த வடிவம் கோப்பின் முன்னால் வந்தது, நீளமாக எழுதலாம், யூனிகோடும் ஏற்கும். தமிழில் பெயர் எழுதி வைப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மீட்ட கோப்புகளை மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்டு போன்ற மென்பொருளில் போட்டால் டேக்கைப் படித்துப் பெயரைத் திரும்ப வைத்துவிடும்.

டேக்கும் இல்லையா? அப்போதும் வழி இருக்கிறது. அக்கௌஸ்ட்ஐடி என்ற திறந்த சேவை, பாட்டின் ஒலியிலிருந்தே ஒரு கைரேகை எடுக்கிறது. பாட்டின் முதல் இரண்டு நிமிடத்தை எடுத்து, ஒவ்வொரு கணத்திலும் ஸ்தாயியின் 12 சுரத்தானங்களில் எது எவ்வளவு ஒலிக்கிறது என்று பார்த்து, அதைச் சின்ன எண்வரிசையாகச் சுருக்குகிறது. பிட்ரேட் மாறினாலும் சுரம் மாறாது, அதனால் கைரேகையும் பெரிதாக மாறாது. என் பாட்டுகளில் பெரும்பகுதிக்கு இப்படித்தான் பெயர் திரும்பி வந்தது.

இவ்வளவும் டிஸ்க் உடம்பு நன்றாக இருந்தால் மட்டுமே. ஹார்ட் டிஸ்க் 'கிளிக் கிளிக்' என்று சத்தம் போட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். வாசிக்கும் தலை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, உரசினால் அந்த இடத்துத் தரவு சுரண்டிப் போய்விடும். அது மீட்பு ஆய்வகத்துக்குப் போக வேண்டிய டிஸ்க். சத்தம் இல்லை, ஆங்காங்கே படிக்க முடியவில்லை என்றால் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு டிஸ்க்கையும் இன்னொன்றில் நகலெடுத்து, நகலில் தேடுவதே சரி. அது முதலில் நல்ல பகுதிகளை அள்ளிக்கொள்ளும், கெட்ட இடங்களைக் கடைசியில்தான் தொந்தரவு செய்யும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி விஷயம் வேறு. அதில் ஒரு கோப்பை டெலிட் செய்தால், டிரிம் என்ற கட்டளை மூலம் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று டிஸ்க்குக்கே தகவல் போய்விடும். அது சும்மா இருக்கும் நேரத்தில் அந்த இடத்தைத் துடைத்து வைத்துக்கொள்ளும். பிறகு தேடினால் வெறும் பூஜ்ஜியங்கள்தான். டிஸ்க் முழுவதும் பூட்டிக் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், மீட்புச் சாவி இல்லாமல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சாவியை இன்றே எழுதி வேறிடத்தில் வையுங்கள்.

பேக்கப் எடுப்பது இதைவிட எவ்வளவோ சுலபம். 320 கிலோபிட் பாட்டு நிமிடத்துக்கு 2.4 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு 5,000 இருந்தாலும் மொத்தம் 60 ஜிபிதான். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு இதற்குப் போதும்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். தானாக ஒத்திசைக்கும் கிளவுட் ஃபோல்டரை மட்டும் நம்ப வேண்டாம், இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும்.

பலரும் விட்டுவிடுவது பிளேலிஸ்ட். அது சாதாரண உரைக் கோப்பு, உள்ளே பாட்டுகளின் முகவரிகள் மட்டும் இருக்கும். டிஸ்க்கின் எழுத்து டியிலிருந்து ஈ ஆனால்கூட எல்லா முகவரியும் பொய்யாகிவிடும். பாட்டு ஃபோல்டருக்குள்ளேயே பிளேலிஸ்ட்டையும் வைத்து, முகவரியை அங்கிருந்து தொடங்குமாறு எழுதினால் எங்கே கொண்டுபோனாலும் வேலை செய்யும். தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் வகை ஒலிக்கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: மூல ஒலியின் எம்டி5 சரிபார்ப்பு எண் கோப்பின் தலையிலேயே இருக்கும். பிரதி கெட்டிருக்கிறதா என்று அதை வைத்தே சோதித்துவிடலாம்.

என் ஃபோல்டரில் கடைசி வரை பெயர் கிடைக்காமல் சில கோப்புகள் நின்றன. கைரேகை எடுத்துத் தேடினேன், எந்தப் பட்டியலிலும் இல்லை. திறந்து கேட்டேன். ஒன்றில் பாட்டி பாடியிருந்தார், பின்னால் யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம். கையில் கிடைத்த ரெக்கார்டரில் நான் பதிந்தது அது, உலகத்தில் வேறெங்கும் பிரதி கிடையாது. டேக்கில் பாட்டியின் பெயரையும் வருடத்தையும் எழுதி, முதலில் அதைத்தான் மூன்று இடத்தில் நகலெடுத்து வைத்தேன்.