எந்தக் கோர்ஸ் படித்தால் வேலை போகாது?

வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். படிப்பை முடிக்கப் போகிற பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், டீமில் பாதிப் பேரை ஒரே நாளில் அனுப்பியதைப் பார்த்து மிரண்டுபோன ஐந்தாறு வருட அனுபவசாலிகள். ஏஐ, கிளவுட், சைபர் செக்யூரிட்டி என்று ஒரு பெயரைச் சொன்னால் போதும், நிம்மதியாகக் கிளம்பிவிடுவார்கள். எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு பெயரைச் சொன்னார்கள். நானும் நம்பி இறங்கினேன்.

அந்தப் பெயர் ஃப்ளாஷ் என்ற மென்பொருள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இணையத்தில் அசைவது, பாடுவது, விளையாடுவது எல்லாமே அதில்தான். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்ற அதன் மொழி தெரிந்தவருக்கு ஏக கிராக்கி. 2007-இல் ஐபோன் வந்தது. அதில் ஃப்ளாஷ் ஓடவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதமே எழுதி, ஏன் அதை அனுமதிக்க மாட்டோம் என்று விளக்கிவிட்டார். ஃப்ளாஷின் சொந்தக்காரரான அடோபி அதிகாரபூர்வமாகக் கடையை மூடியது 2020 டிசம்பர் 31-இல்தான். ஆனால் என் கைக்கு வேலை வருவது அதற்குப் பல வருடம் முன்பே வற்றிப்போயிருந்தது.

கரை சேர்த்தது எஸ்க்யூஎல், டேட்டாபேஸில் தகவலைச் சேர்க்கவும் தேடவும் உதவும் மொழி. விரும்பிப் படித்தது இல்லை. அந்தப் பளபளப்பான தளங்களில் யாராவது படிவம் நிரப்பினால் தகவல் எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே, அதற்காக வேண்டாவெறுப்பாகக் கற்றுக்கொண்டது. டேபிள், இண்டெக்ஸ், பேக்கப் என்று சலிப்பான சமாச்சாரம். வீட்டில் காட்டிப் பெருமைப்பட ஒன்றும் இருக்காது. ஐபிஎம்மின் எட்கர் காட் 1970-இல், தகவலை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் மாடலை எழுதி வைத்தார். அதை ஒட்டி 1974-இல் ஐபிஎம்மில் இந்த மொழி உருவானது. அதற்கப்புறம் எத்தனையோ டேட்டாபேஸ்கள் வந்து போய்விட்டன. அன்று கற்ற செலக்ட், ஜாயின் கட்டளைகள் இன்றும் அப்படியே செல்லுபடியாகின்றன. 1983-இல் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் முழுக்க மாறிய, கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறையான டிசிபி/ஐபியும், 1969-இல் தொடங்கிய யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஃபைல் சிஸ்டமும், பர்மிஷனும் இதே ஜாதிதான். மேலே பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கும். கீழே அஸ்திவாரத்தைத் தோண்டி மாற்ற யாருக்கும் துணிச்சல் வராது.

சரி, பழசாக இருந்தால் போதுமா? கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியைப் படித்துவிடலாமா? இதையும் கேட்கிறார்கள். 2020 ஏப்ரலில் கோவிட் நேரத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலையின்மை உதவிக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. பல பத்தாண்டுப் பழைய கணினி அமைப்பு திணறியது. அன்றைய ஆளுநர் ஃபில் மர்ஃபி, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று செய்தியாளர் கூட்டத்திலேயே அழைத்தார். 1959-இல் வடிவமைக்கத் தொடங்கிய மொழி அது! இந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கோபால் வகுப்பில் சேர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் செய்தியில் பாதியைத்தான் படித்தார்கள் என்பேன். அந்த மொழியின் இலக்கணத்தைச் சில மாதங்களில் பிடித்துவிடலாம். அந்தப் பழைய ஆட்களுக்கு மதிப்பு வருவது, “இந்த வரியில் ஏன் இப்படி ஒரு விதிவிலக்கு? எடுத்துவிட்டால் யாருக்குப் பணம் போகாது?” என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருப்பதால்.

அதனால் யாராவது ஒரு துறையின் பெயரைச் சொல்லி அபிப்பிராயம் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அந்த வேலை இன்று ராத்திரி நின்றுபோனால் யாருக்கு வலிக்கும்? எவ்வளவு நேரத்தில் வலிக்கும்? பணப் பரிவர்த்தனை நின்றால் நிமிடங்களில். மருத்துவமனைப் பதிவேடு நின்றால் அதைவிட வேகமாக. நிறுவனத்தின் முகப்புப் பக்கத்தில் புது அனிமேஷன் வராவிட்டால்? அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஆட்குறைப்புப் பட்டியல் தயாரிக்கிறவரும் ஏறக்குறைய இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் முடக்கியது. கணினி பூட் ஆகாததால் பெரும்பாலானவற்றை ரிமோட்டில் சரிசெய்ய வழியில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால் ரெக்கவரி கீ வேறு வேண்டும். அந்தக் கீ எல்லாம் வைத்திருந்த சர்வரே படுத்துக்கிடந்தால் கதை கந்தல். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கீகளைத் தனியாக எடுத்து வைத்திருந்த டெஸ்க்டாப் சப்போர்ட் ஆளை அன்றுவரை யாரும் ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

“ஏஐ வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு?” என்பது அடுத்த கேள்வி. எங்கள் இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சர்வரில் திடீரென்று எந்த ஃபைலையும் எழுத முடியவில்லை. டிஸ்க்கில் இடமில்லை என்று பிழைச்செய்தி. பார்த்தால் 40 சதவீதம் காலி. ஷிஃப்டில் இருந்த தம்பி கெட்டிக்காரர். உடனே ஏஐ கருவியிடம் கேட்டார். அது ஆறேழு காரணங்களை வரிசையாகத் தந்தது. நான்காவதாக ஐநோடு தீர்ந்திருக்கலாம் என்றும் இருந்தது. சரியான பதில் அதுதான். ஆனால் ஐநோடு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாததால் அதைத் தாண்டி, பெரிய ஃபைல்களைத் தேடி அழிக்கக் கிளம்பினார். நல்லவேளை, பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் தடுத்தார். ஃபைல் எவ்வளவு சிறிதானாலும் அதற்கு ஒரு ஐநோடு, அதாவது அதன் விவரத்தை எழுதி வைக்கும் ஒரு பதிவு, வேண்டும். அந்த எண்ணிக்கை தீர்ந்தால் இடம் இருந்தும் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு கட்டளை ஓட்டியதும் ஐநோடு 100 சதவீதம் தீர்ந்தது என்று காட்டியது. ஏதோ ஒரு செயலி செஷன் ஃபைல்களை அழிக்காமல் லட்சக்கணக்கில் குவித்து வைத்திருந்தது. அவர் அதையும் உடனே அழித்துவிடவில்லை. இதில் எது உபயோகத்தில் இருக்கிறது என்று அந்தச் செயலியை எழுதியவரிடம் கேட்டார், ஒரு நாளுக்கு மேல் பழையவற்றை மட்டும் நீக்கினார், செய்ததை டிக்கெட்டில் (பிரச்சினையின் பதிவில்) தன் பெயரோடு எழுதி வைத்தார்.

கருவி பட்டியல் தரும். நாளைக்கு இன்னும் நல்ல பட்டியல் தரும், தானே கட்டளையையும் ஓட்டும். ஓடிக்கொண்டிருக்கிற சர்வரில் எதைத் தொடலாம் என்று முடிவெடுத்துக் கையெழுத்துப் போட ஓர் ஆள் தேவைப்படுகிறவரை அந்தப் பெண்ணுக்கு வேலை இருக்கும். சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்கிற வேலைக்கு, எந்த மொழியில் செய்தாலும், நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

சைபர் செக்யூரிட்டியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இப்போது அதிகம் விற்கப்படும் கோர்ஸ் அதுதான். துறை நிலையானது, சந்தேகமில்லை. ஆனால் விளம்பரத்தில் காட்டுவது முகமூடி போட்ட ஹேக்கரை. அன்றாட வேலையோ லாக் (கணினி எழுதி வைக்கும் நடப்புக் குறிப்பு) படிப்பது, பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) போடுவது, யாருக்கு எந்த அனுமதி இருக்கிறது என்று பார்த்துத் தேவையில்லாததைப் பிடுங்குவது. 2021 டிசம்பரில், பல மென்பொருள்களுக்குள் இருக்கும் லாக்4ஜே என்ற துணைநிரலின் ஓட்டை வெளிவந்தபோது எல்லா இடத்திலும் முதலில் எழுந்த கேள்வி, “இது நம்மிடம் எங்கெல்லாம் இருக்கிறது?” என்பது. பல இடங்களில் அதற்குப் பதில் சொல்லவே நாள்கணக்கில் ஆனது. நெட்வொர்க்கும் ஆபரேட்டிங் சிஸ்டமும் தெரியாமல் நேரே செக்யூரிட்டிக்குள் குதிப்பவர், வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் காவலுக்கு நிற்கிறார். இரண்டு வருடம் சிஸ்டம் அட்மினாக இருந்துவிட்டு வருகிறவரை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

வரப்போகிற வேலையில் சிலவற்றுக்குத் தேதியே குறித்தாகிவிட்டது. 1970 ஜனவரி 1-இலிருந்து விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் அமைப்புகள் 2038 ஜனவரி 19-இல் எண்ண முடியாமல் போகும். சர்வர்களைப் பெரும்பாலும் மாற்றிவிட்டார்கள். இயந்திரங்களுக்குள் புதைந்திருக்கும் சின்னச் சின்னக் கன்ட்ரோலர்கள்தான் பாக்கி. இப்படி இயந்திரங்களுக்குள் இயங்கும் எம்பெடட் மென்பொருள் படித்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். குவாண்டம் கணினியையும் தாங்கும் என்கிரிப்ஷனுக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் மூன்று தரங்களை வெளியிட்டது. உலகம் முழுக்கப் பழைய பூட்டைக் கழற்றிப் புதியதை மாட்டுவது ஒரு வருட வேலை இல்லை.

கிளவுட், டேட்டா எஞ்சினியரிங் இரண்டும் நல்லவை, அஸ்திவாரத்தோடு வந்தால். ஒரே நிறுவனத்தின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்தால் என் ஃப்ளாஷ் கதைதான். இணையப் பக்கத்தின் முகப்பை எழுத உதவும் ஃப்ரண்ட்-எண்ட் ஃப்ரேம்வொர்க்குகளுக்கும் இதுவே.

இதற்கு நேர் எதிரான குழி ஒன்றும் உண்டு, அதில் நான் விழுந்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் அவர்களே எழுதிக்கொண்ட ஒரு உள்மென்பொருளுக்கு நான்தான் எல்லாம். என்னைக் கேட்காமல் துரும்பு அசையாது. வேலை பத்திரம் என்று நினைத்தேன். ஒருநாள் அந்தப் பிரிவையே மூடினார்கள். வெளியே வந்து ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தபோது, நான் நிபுணனாக இருந்த பொருளின் பெயர்கூட அந்தக் கட்டடத்துக்கு வெளியே யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் செல்லும் நாணயத்தை ஆறு வருடம் சேர்த்து வைத்திருக்கிறேன். அப்போதிலிருந்து, வேலை போகுமா என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். போனால் எத்தனை மாதத்தில் இன்னொன்று கிடைக்கும் என்று வருடத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறேன். இரண்டு இன்டர்வியூவுக்காவது போய் வருவேன், வேலை மாறும் எண்ணம் இல்லாவிட்டாலும்.

கோர்ஸில் சேருவதற்கு முன்னால் செலவில்லாத ஒன்றைச் செய்து பாருங்கள். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, ஒரு டேட்டாபேஸை நிறுவி, கொஞ்சம் தகவலைச் சேருங்கள். பேக்கப் எடுங்கள். அப்புறம் அந்த டேட்டாபேஸை நீங்களே அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எங்கே சிக்கியது என்று எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு நான் கேட்கும் முதல் கேள்வி, “கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்தீர்கள்?” என்பதுதான். பலரும் பேக்கப் எடுத்ததைப் பற்றிப் பேசுவார்கள்.

போன மாதம் ஒரு ஃப்ரெஷர் வந்தார். சான்றிதழ் ஒன்றும் இல்லை. “வீட்டில் மூன்று தடவை செய்தேன் சார். முதல் இரண்டு தடவை டேட்டா திரும்பி வரவில்லை, மூன்றாவது தடவை 40 நிமிடம் ஆனது” என்றார். முதல் இரண்டு தடவை ஏன் வரவில்லை என்று கேட்டேன். ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தார். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.