கிருமியோடு வந்த சிறுநீரகம்

அமெரிக்காவில் 2005-க்கும் 2014-க்கும் இடையில், இறந்தவர்களின் குடும்பங்கள் மனமுவந்து கொடுத்த 4,000-க்கும் அதிகமான சிறுநீரகங்கள் யாருக்கும் பொருத்தப்படாமல் வீணாயின. அவற்றில் பல நன்றாக வேலை செய்யக்கூடியவை. கொடுத்தவரின் ரத்தத்தில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருந்தது என்பதால் ஒதுக்கிவிட்டார்கள். அதே ஆண்டுகளில் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸில் படுத்துக்கொண்டு ஒரு சிறுநீரகத்துக்காகக் காத்திருந்தவர்களில் பலர், காத்திருந்தபடியே இறந்துபோனார்கள்.

இன்று அப்படிப்பட்ட சிறுநீரகங்களை அந்த வைரஸ் இல்லாதவர்களுக்கே, தெரிந்தே பொருத்துகிறார்கள். ஆரோக்கியமான கல்லீரல் உள்ளவருக்கு நோயை ஏற்றிவிட்டு அப்புறம் குணப்படுத்துவதா? முதன்முதலில் படித்தபோது எனக்கும் நெஞ்சு திக்கென்றது. இந்த வைரஸ் உடலுக்குள் எப்படிப் பிழைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு புரியும்.

கல்லீரலில் வாழும் கிருமி சிறுநீரகத்தில் எப்படி வந்தது? ரத்தத்தின் வழியாகத்தான். எடுத்த உறுப்பைக் குளிர்ந்த திரவத்தால் அலசினாலும் நுண்ணிய குழாய்களில் கொஞ்சம் ரத்தம் தங்கிவிடும். அதிலிருக்கும் வைரஸ், உறுப்பைப் பொருத்தி ரத்தம் பாயத் தொடங்கியதும் புதியவரின் கல்லீரலைத் தேடிப் போய்விடும். புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க எதிர்ப்பு சக்தியை மாத்திரைகளால் அடக்கி வைத்திருப்பதால், அது தடையில்லாமல் பெருகும்.

கல்லீரல் செல்லுக்குள் நுழைந்த வைரஸ் கொண்டுவருவது, தன் மரபுக் குறிப்பு எழுதப்பட்ட ஒரே ஒரு ஆர்.என்.ஏ. இழைதான். சுமார் 9,600 எழுத்துகள். நம் செல் அதைத் தன்னுடையது என்று நம்பி வாசித்து, ஒரே நீளமான புரதத்தைச் செய்து தருகிறது. தறியில் பல வேட்டிகளை ஒரே பாவில் நெய்து, பிறகு வெட்டிப் பிரிப்பார்களே, அந்த மாதிரி. இந்த நீளப் புரதத்திலிருந்து 10 புரதங்கள் பிரிகின்றன. வெட்டுகிற வேலையில் பெரும்பங்கை அந்தப் பத்தில் ஒன்று கத்தரியாக இருந்து செய்கிறது. இன்னொன்று ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. அது எழுதியதைத் திரும்பச் சரிபார்ப்பதே இல்லை. அதனால் பிழைகள் குவிந்து வைரஸ் ஓயாமல் முகம் மாற்றிக்கொள்கிறது. இன்றுவரை தடுப்பூசி இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் இவ்வளவு சாமர்த்தியமான வைரஸுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. எச்.ஐ.வி. தன்னை நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே தைத்துக்கொள்கிறது. ஹெபடைடிஸ் பி, செல்லின் கருவுக்குள் ஒரு மூலப்பிரதியை வைத்துவிட்டுப் போகிறது. ஹெபடைடிஸ் சி கருவுக்குள் போவதே இல்லை. ஓயாமல் படியெடுத்தால்தான் அதற்கு வாழ்வு. சில வாரங்கள் அதை நிறுத்திவிட்டால், இருக்கிற ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும், புதிதாக எதுவும் வராது. அவ்வளவுதான், நோய் முடிந்தது. மருந்தை நிறுத்தி 12 வாரம் கழித்தும் ரத்தத்தில் வைரஸ் இல்லையென்றால் குணமாகிவிட்டது என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இந்த ஞானம் எளிதில் வரவில்லை. 1970-களில் இந்த நோய்க்குப் பெயர்கூடக் கிடையாது; 'ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல' என்றுதான் குறிப்பிட்டார்கள். 1989-இல் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அவருக்கும் ஹார்வி ஆல்டர், சார்லஸ் ரைஸ் ஆகியோருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட காலம் கையில் இருந்த முக்கிய மருந்து இன்டர்ஃபெரான். அது எதிர்ப்பு சக்தியை உசுப்பிவிடுவதால், சிறுநீரகம் பொருத்திக்கொண்டவருக்குக் கொடுத்தால் உடல் அந்தச் சிறுநீரகத்தையே தாக்கக்கூடும். ஆக, மாற்று உறுப்போடு வைரஸும் வந்துவிட்டால் செய்வதற்கு அதிகம் இல்லை. அந்த நாட்களின் பயம் நியாயமான பயம்தான்.

சோதனையும் ஏமாற்றியது. ஓரிகான் மாநிலத்தில் 2000-இல் இறந்த ஒருவருக்கு, கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதத்தைத் தேடும் ஆன்டிபாடி சோதனையில் எதுவும் தெரியவில்லை. அவருடைய உறுப்புகளும் திசுக்களும் பலருக்குப் போயின. 2002-இல், அவரது தசைநாண் பொருத்தப்பட்ட ஒருவருக்கு ஹெபடைடிஸ் சி வந்த பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. விசாரித்தபோது 8 பேருக்குத் தொற்று பரவியிருந்தது. கிருமி நுழைந்து ஆன்டிபாடி உருவாக இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம். இப்போது வைரஸின் ஆர்.என்.ஏ.வையே தேடும் சோதனை இருப்பதால், அந்த இருட்டான இடைவெளி ஏறக்குறைய ஒரு வாரமாகச் சுருங்கியிருக்கிறது. ஆன்டிபாடி இருந்து ஆர்.என்.ஏ. இல்லையென்றால், பெரும்பாலும் பழைய தொற்று ஆறிப்போன அடையாளம்தான்.

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் என்ற மருந்து வந்தது. படியெடுக்கும் புரதத்திடம் இது ஆர்.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றைப் போல வேடமிட்டுப் போய் நிற்கும். அதைச் சேர்த்ததும் இழை மேலே வளராமல் அங்கேயே நின்றுவிடும். கத்தரியை மடக்கும் மருந்துகளும், வைரஸ் தன் பட்டறையை அமைக்கத் தேவையான இன்னொரு புரதத்தைப் பிடிக்கும் மருந்துகளும் சேர்ந்துகொண்டன. ஒன்றிலிருந்து தப்ப முகம் மாற்றும் வைரஸ், இரண்டு மருந்துகளிடமிருந்து ஒரே நேரத்தில் தப்புவது மிகக் கடினம். இவை வைரஸை நேரடியாகத் தாக்குகின்றன, எதிர்ப்பு சக்தியை உசுப்புவதில்லை.

அந்த நேரத்தில்தான் போதை மருந்து அளவு மீறி இறப்பவர்கள் அமெரிக்காவில் பெருகிக்கொண்டிருந்தார்கள். 2000-இல், இறந்த பின் உறுப்பு கொடுத்தவர்களில் நூற்றில் ஒருவர்தான் அப்படி இறந்தவர். 2017-இல் நூற்றுக்கு 13 பேருக்கு மேல். பலரும் இளம் வயதினர். ஊசி வழியாக ஹெபடைடிஸ் சி தொற்றியிருந்தாலும் சிறுநீரகமும் இதயமும் நல்ல நிலையில் இருந்தவர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அந்த வேளையிலும் ஒரு தாய் சரி என்று தலையசைத்துக் கொடுத்ததை வீணாக்குவதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் முதல் அடி எடுத்து வைத்தார்கள். வைரஸ் இல்லாத 10 பேருக்கு வைரஸ் உள்ள சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் பத்துப் பேரின் ரத்தத்திலும் வைரஸ் தெரிந்தது. 12 வாரம் மாத்திரை கொடுத்தார்கள். பத்துப் பேரும் குணமானார்கள். 2017-இல் அந்த முடிவு வெளியானது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு அறுவைக்கு முன்பே மருந்தைத் தொடங்கியது. அங்கே பொருத்திக்கொண்ட பத்துப் பேரில் ஒருவருக்கும் தொற்று நிலைக்கவில்லை. பாஸ்டனில் 44 பேருக்கு இதயமோ நுரையீரலோ பொருத்தி, சில மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி நான்கே வாரத்தில் முடித்தார்கள். டொராண்டோவில் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. வைரஸ் செல்லுக்குள் நுழையும் கதவுகளில் ஒன்றை, கொழுப்பைக் குறைக்கப் பலரும் சாப்பிடும் எசெட்டிமைப் என்ற சாதாரண மாத்திரை அடைக்கிறது. அதையும் வைரஸ் மருந்தையும் அறுவைக்கு முன் ஒரு வேளை, பின் ஏழு நாள் கொடுத்தார்கள். 30 பேரில் ஒருவருக்கும் தொற்று நிலைக்கவில்லை.

இதெல்லாம் சரியாக நடக்க, மருந்து முதலிலேயே கையில் இருக்க வேண்டும். காப்பீட்டு ஒப்புதலுக்கென்று வாரக்கணக்கில் தள்ளிப்போனால், அடக்கப்பட்ட எதிர்ப்பு சக்தியின் நடுவே வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகிக் கல்லீரலைக் கடுமையாகச் சேதப்படுத்தக்கூடும். அமெரிக்காவில் தொடக்கத்தில் 12 வார சோஃபோஸ்புவிரின் விலை 84,000 டாலர். இந்தியாவில் அதே மருந்தை இங்குள்ள நிறுவனங்களே தயாரிப்பதால் விலை பல மடங்கு குறைவு. சிலவகை வைரஸ் மருந்துகள், உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரினோடு சேரக் கூடாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவருக்கு சோஃபோஸ்புவிர் ஆபத்து. இதையெல்லாம்விட முக்கியம், நோயாளியின் சம்மதம். என்ன வருகிறது, எப்படிக் குணமாக்குவார்கள், மறுத்தால் இன்னும் எவ்வளவு காலம் காத்திருக்க நேரும் என்று உட்கார்ந்து விளக்கிய பிறகு கிடைக்கிற சம்மதத்தைத்தான் நான் சம்மதம் என்பேன்.

தானமாக வரும் ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும் அமெரிக்காவில் ஒரு மதிப்பெண் போடுவார்கள். கொடுத்தவரின் வயது, ரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவற்றை வைத்து, அது எத்தனை காலம் உழைக்கும் என்று கணிப்பதற்காக. முன்பெல்லாம் ஹெபடைடிஸ் சி இருந்தால் மதிப்பெண் மோசமாகிவிடும். மருந்து வந்து பத்தாண்டு கழித்து, 2024-இல், அந்தக் கணக்கிலிருந்து ஹெபடைடிஸ் சி-யை எடுத்துவிட்டார்கள்.