உறுதியில் 'கும்புர' என்றிருந்தால்

கொழும்பு மாவட்டத்துக் காணி உறுதி எதை எடுத்தாலும், அதன் அட்டவணையில் காணிக்கு ஒரு சிங்களப் பெயர் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயர் 'வத்த' என்று முடிந்தால் அது தோட்டம்; 'கும்புர' என்று முடிந்தால் வயல்; 'தெனிய' என்றால் இரு மேடுகளுக்கு நடுவே கிடக்கும் தாழ்நிலம்; 'ஓவிட்ட' என்றால் வயலுக்கும் மேட்டுக்கும் இடைப்பட்ட நிலம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எம்மவரின் காதில் இவை பொருளற்ற ஊர்ப்பெயர்களாகவே விழுகின்றன. யாழ்ப்பாணத்து உறுதி என்றால், விதைக்கும் தானியத்தைக் கொண்டு நிலத்தை அளக்கும் வழக்கப்படி, நெல் விதைப்பா, வரகு விதைப்பா என்று கேட்டு வாங்கும் அதே குடும்பம், மாலபேயிலோ கடுவெலயிலோ பத்து பேர்ச்சஸ் வாங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் பிரசித்த நொத்தாரிசாகத் தொழில் செய்யும் நான் இதை எழுதக் காரணம், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்த உறுதி. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணத்தில் நகருக்கு வெளியே பத்து பேர்ச்சஸ் காணி வாங்கி, அங்கே ஒரு சிறு வீடு கட்ட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். புதிய நில அளவைப் படத்தில் காணியின் பெயர் 'வத்த' என்றே முடிந்தது. ஆனால் காணிப் பதிவகத்தில் ஏடுகளைப் பின்னோக்கித் தேடியபோது, பழைய உறுதியொன்றில் அதே எல்லைகளுக்குள் 'கும்புர' என்ற பெயரும், பரப்பளவு இத்தனை 'பெல' (விதைநெல்லை அளக்கும் பழைய சிங்கள அளவு) நெல் விதைப்பு என்ற குறிப்பும் இருந்தன. நெல் விதைப்புக் குறிப்பு மட்டும் இருந்தால் அது வயல் என்று முடிவு செய்ய முடியாது; 'கும்புர' என்ற பெயரோடு அது சேர்ந்து வந்ததால்தான் எனக்குச் சந்தேகம் வலுத்தது. இடையில் ஏதோ ஒரு கைமாற்றத்தில் வயல் தோட்டமாகிவிட்டது; அதற்கான அனுமதிக் கடிதம் எதுவும் விற்பவரிடம் இல்லை.

இந்த இடத்தில் சட்டத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வயலை நிரப்புவது குற்றம். வயலை விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. நிரப்புவதையும் அதில் கட்டடம் எழுப்புவதையுமே தடுக்கிறது. ஆகவே உறுதி செல்லுபடியாகும், பணமும் கைமாறிவிடும். உள்ளூராட்சி மன்றம் கட்டட வரைபடத்தைத் திருப்பி அனுப்பும்போதோ வங்கி கடன் தர மறுக்கும்போதோதான் வாங்கியவருக்கு விடயம் தெரியவரும். பல ஆண்டுகளாகப் பயிரிடாமல் தரிசாகக் கிடக்கிறது, ஆகவே அது வயலல்ல என்று தரகர்கள் சொல்லும் வாதமும் நிற்காது. முன்பு நெல் விளைந்து, இன்றும் நெற்செய்கைக்கு ஏற்றதாக இருக்கும் நிலத்தையும் அந்தச் சட்டம் வயல் என்றே வரையறுக்கிறது.

ஆசிரியரோடு நானும் காணியைப் பார்க்கச் சென்றேன். கிரவல் மண் கொட்டி, வீதி மட்டத்துக்கு மேலே உயர்த்திச் சமப்படுத்தியிருந்தார்கள். வேலிக்கு அப்பால் பழைய வீடொன்றின் முற்றத்தில், முதல் நாள் பெய்த மழையின் நீர் போக வழியின்றித் தேங்கி நின்றது. ஓர் ஏக்கர் வயலில் ஓரடி உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 12 இலட்சம் லீற்றர். வயலை நிரப்பிவிட்டால் அவ்வளவு நீரும் அயலவரின் முற்றத்தைத்தான் தேடிச் செல்லும். 2010 நவம்பர் மழையில் கோட்டேயிலுள்ள பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியதையும், 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீடுகளுக்குள் நாட்கணக்கில் நீர் நின்றதையும் நாம் மறந்திருக்க முடியாது. இரண்டுக்கும் பெருமழையே முதற் காரணம். அந்த நீர் தங்கிச் செல்ல இடம் குறைந்துபோனது எமது செயல்.

ஆசிரியர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "பிள்ளை, மற்றத் துண்டெல்லாம் வித்துப்போச்சு. நான் ஒராள் வாங்காமல் விட்டால் அந்த வயல் திரும்பி வரப்போகுதே?" நியாயமான கேள்விதான். அந்தத் துண்டு திரும்பி வராது என்பதை நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் அதற்குப் பின்னால் இன்னும் பச்சையாகக் கிடந்த வயலை அவருக்குக் காட்டினேன். முதற் கட்டத் துண்டுகள் விற்ற பணம்தான் இரண்டாம் கட்டத்துக்கு மண் கொட்டும் லொறிகளின் கூலியாகிறது. இத்தகைய விற்பனைகளில் நான் மீண்டும் மீண்டும் கண்ட நடைமுறை இதுவே. வாங்குவதற்கு ஆளில்லாத வயலை எவரும் செலவழித்து நிரப்புவதில்லை.

வயல் உரிமையாளர்களை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. வீதி அமைக்கும்போது வாய்க்காலை அடைத்துவிட்டால், மேலே இருக்கும் வயலில் நீர் வடியாது, விதைத்தது அழுகும், கூலிக்கும் ஆள் கிடைக்காது. உரிமையாளர் வயலைக் கைவிடுவதற்கும் தரகர் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கும் இடையில் அதிக காலம் செல்வதில்லை. அனுமதி பெற்று வேறு பயிர் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. சேற்று நிலத்தில் கங்குங் கீரை போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நகரின் ஓரத்திலேயே இருக்கின்றன. வாய்க்காலைத் திறந்து கொடுப்பதுதான் வயல் உரிமையாளர்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. 2018 இல் துபாயில், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற ஏற்பு கிடைத்தபோது நான் உண்மையாகவே பெருமைப்பட்டேன். பெத்தகான, தியசரு ஆகிய ஈரநிலங்களைப் பூங்காக்களாகக் காப்பது நல்லது. ஆனால் பெயரற்ற சிறு வயல்களுக்குப் பார்வையாளரும் இல்லை, வேலியும் இல்லை.

காணி வாங்க எண்ணுபவர்கள் முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே பழைய உறுதிகளின் பிரதிகளைக் கேளுங்கள். காணியின் பெயர் எந்த ஆண்டில் மாறியது என்று பாருங்கள். அப்பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, அது வயற்காணியாகப் பதிவாகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். தாழ்நிலமாயின் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதியும் வேண்டும். விடுமுறை நாட்களிலும் இரவிலும் மண் லொறிகள் வந்தால், திகதி தெரியும்படி படமெடுத்து, கிராம உத்தியோகத்தருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் எழுத்தில் முறையிட்டு, பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் லொறி வந்த நாளிலேயே முறையிட வேண்டும். மண் இறுகிய பிறகு அதை அகற்றுவிப்பது மிகக் கடினம்.

ஆசிரியர் அந்தக் காணியை வாங்கவில்லை. இப்போது வத்தளைப் பக்கம் ஒரு மேட்டுக்காணி பார்த்திருக்கிறார்; அதன் பழைய உறுதிகள் இன்று காலைதான் என் மேசைக்கு வந்திருக்கின்றன.