உண்ணி என்றால் எது?

'டிக்' என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் உண்ணி, அவ்வளவுதான், புதுச்சொல் எதுவும் ஆக்க வேண்டியதில்லை. உண் என்ற வினையோடு இ சேர்ந்தது, பூச்சிக்கொல்லியில் 'கொல்லி' வருகிற மாதிரி. புலி ஊனுண்ணி, மான் தாவர உண்ணி என்று பள்ளியில் படித்தோமே, அதே உண்ணிதான். ஆனால் முன்னால் எதுவும் ஒட்டாமல் வெறும் உண்ணி என்றால் ரத்தம் குடிக்கிற இதுமட்டும்தான். பூச்சி என்று சொல்வது பேச்சுக்கு; எட்டுக் கால், சிலந்தியின் உறவு. தலையில் ஊர்வது பேன், நாய்மேல் குதிப்பது தெள்ளு, கடித்த இடத்தை விட்டு நகராதது உண்ணி.

கன்னங்குறிச்சியில் எங்கள் அம்மாயி ஆட்டுக் காதை மடித்துப் பிடித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சியில் போடுவார். "பாரு கண்ணு, கொட்டமுத்தாட்டம் உப்பிக்கிடக்குது" என்பார். கொட்டமுத்து என்றால் ஆமணக்கு விதை. பின்னாளில்தான் தெரிந்தது, ஆமணக்கின் அறிவியல் பெயரில் உள்ள 'ரிசினஸ்' லத்தீனில் உண்ணியைக் குறிக்கும் சொல்லாம். ஏத்தாப்பூரில் ஆராய்ச்சி நிலையமே வைத்து வளர்க்கிற செடிக்கு உண்ணியின் பெயர்! அம்மாயி பார்த்ததைத்தான் ரோமாபுரிக்காரனும் பார்த்திருக்கிறான்.

காட்டில் இது சும்மா இருப்பதில்லை. புல் நுனியில் முன்னங்கால்களை விரித்துக் காத்திருக்கும். மூச்சுக்காற்றும் உடற்சூடும் பட்டதும் தொற்றிக்கொள்ளும், அது காட்டெருமையோ நாமோ. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்து, மனிதருக்கும் பரவிய வைரஸ் காய்ச்சலைக் கொண்டுவந்தது உண்ணிதான். கன்னடத்தில் அதை 'மங்கன காயிலெ' என்கிறார்கள், குரங்கு நோய் என்று. பாவம், குரங்கும் கடிபட்டதுதான், பெயர் மட்டும் அதன் தலையில்.

நம் பக்கம் சிக்கல் வேறு. 'ஸ்க்ரப் டைபஸ்' என்ற காய்ச்சல் வந்தால் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் பரப்புவது உண்ணியே இல்லை. மரவள்ளி இலையில் சாறு உறிஞ்சுகிற சிலந்திப்பேன் இருக்கிறதல்லவா, அதன் தூரத்துச் சொந்தம் ஒன்றின் குஞ்சு. ஆறு கால், கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம், ரத்தம்கூடக் குடிக்காது, தோலைக் கரைத்து நீரை உறிஞ்சும். எலி நடமாடுகிற புதரில் இருக்கும். உண்ணிக் காய்ச்சல் என்று படித்தவர் நாயின் காதைத்தான் சோதிப்பார், தன் இடுப்பு மடிப்பிலும் அக்குளிலும் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றாது. நாயுண்ணியால் வருகிற டைபஸ் காய்ச்சலும் தனியாக உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பு. நல்லவேளை, இந்த ரெண்டுக்கும் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்து கேட்கும். குரங்குக் காய்ச்சலுக்கு அது கேட்காது.

'ஸ்க்ரப்' என்றால் புதர்க்காடு. அப்புறம் என்ன, புதர்க் காய்ச்சல் என்றே சொல்லலாம், உண்ணியை உண்ணிக்கே விட்டுவிடலாம். ஏற்காட்டுச் சரிவில் மண்டிக் கிடக்கிற லண்டானா என்ற உண்ணிச்செடியை என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அதில் உண்ணி காய்ப்பதில்லை, ஆனால் அடியில் எலி வளை இருக்கும்.