அழிந்த மொழியா, வழக்கொழிந்த மொழியா?

தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு சமவெளியில் வாழும் தொல்குடியினரின் கௌர்ணா மொழியை ‘அழிந்த மொழி’ என்று எழுதிவிட்டு, அதன் இலக்கணமும் சொற்பட்டியும் இன்றும் கிடைக்கின்றன என்று அடுத்த வரியிலேயே சேர்ப்பதைத் தமிழ்க் கட்டுரைகளில் பலமுறை படித்துச் சலித்துவிட்டது.

‘எக்ஸ்டிங்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் தீயணைத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தார் அவிந்த எரிமலைக்கும் அற்றுப்போன விலங்குக்கும் பேசுவோரற்ற மொழிக்கும் அதையே வழங்குவதால், நம் மொழிபெயர்ப்பாளர்கள் டைனோசருக்கு எழுதிய ‘அழிந்த’ என்பதையே மொழிக்கும் ஒட்டிவிடுகின்றனர்.

அழிதல் என்பது உருவற்றுப் போதல். கௌர்ணாவோ எழுத்தில் நிற்கிறது. 1838இல் அடிலெய்டு வந்த லூத்தரன் போதகர்கள் டைக்கெல்மனும் ஷூர்மனும் அதன் இலக்கணத்தையும் ஏறத்தாழ 2,000 சொற்களையும் 1840இல் அச்சிட்டனர். டைக்கெல்மன் 1857இல் விரித்தெழுதிய கையெழுத்துப்படி கேப் டவுன் நூலகமொன்றில் தங்கியது. போதகர்கள் நடத்திய பள்ளியின் பிள்ளைகள் தம் மொழியிலேயே எழுதிய கடிதங்களும் எஞ்சியுள்ளன. போனது பேச்சு வழக்கு மட்டுமே. அம்மொழியறிந்த கடைசி மூதாட்டியாகக் கருதப்படும் இவரிட்ஜி 1929இல் மறைந்தார். ‘வழக்கும் செய்யுளும்’ என்று தொல்காப்பியப் பாயிரமே பிரித்துக் காட்டியிருக்க, ‘வழக்கொழிந்த மொழி’ என்று எழுதுவதில் என்ன தடை? ஒழிந்த வழக்கு மீளவும் கூடும். 1990களில் கௌர்ணா வகுப்புகள் தொடங்கின, மூளையையும் மின்னலையும் குறிக்கும் அதன் பழஞ்சொற்களை இணைத்துக் கணினிக்கு ‘முகர்ண்டு’ என்று பெயரும் சூட்டினர்.

‘செத்த மொழி’ என்பது இன்னும் மோசம். நம் மேடைகளில் வடமொழியை இகழ வழங்கிய வசவு அது. குடியேற்றத்தால் நாவிழந்த மக்களின் மொழிக்கு அதைச் சூட்டுவது சொற்பிழையோடு நில்லாமல் பண்புக்குறைவாகவும் ஆகிறது.

தொல்குடியினர் பலர் ‘உறங்கும் மொழி’ என்பதையே விரும்புகின்றனர். அவர்கள் கூற்றாக வருமிடத்தில் அப்படியே எழுதலாம். இலக்கிய நயம் கருதி அதனைத் ‘துஞ்சிய மொழி’ என்று மாற்ற முனைவோர் மட்டும் சற்றுப் பொறுக்க வேண்டும்: சங்ககாலச் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் அங்கே உறங்கி எழுந்தவன் அல்லன், இறந்தவன்.