ரத்தம் காட்டாமலே நடுங்க வைக்கலாம்

பேய்ப்படத்தில் ரத்தம் கொட்டினால்தான் பயம் வருமா? பாம்பன் கரையில் மீன் ஏலம் முடிந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். திருக்கை வெட்டுகிற அக்காமார்களின் கையெல்லாம் ரத்தமாக இருக்கும், பேச்சு மட்டும் வீட்டுக்கதையாக இருக்கும். அதே அக்கா வீட்டில் ராத்திரி கரண்ட் போய், பின்கதவு தானாக அசையட்டும். பேச்சு நின்றுவிடும். எல்லாருடைய காதும் அந்தக் கதவிடம் போய்விடும்.

ரத்தத்தையும் சதையையும் பார்த்தால் பெரும்பாலும் எழுவது அருவருப்பு. அது பயத்தோடு சேர்ந்து வரலாம், ஆனால் பயம் அல்ல. பயத்தில் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், கண்மணி விரியும். ரத்தம் கண்டு மயங்கி விழுகிறவர்களுக்கோ கடைசியில் நடப்பது நேர் எதிர்: இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடுகின்றன. அப்புறம், அருவருப்பு பழகிவிடும். மூன்றாவது தலை உருளும்போது பார்க்கிறவர் கைபேசியை எடுத்துவிடுவார்.

பயத்தை வளர்ப்பது நிச்சயமின்மை. 2016இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இதை நேராகவே அளந்தார்கள். 45 பேர் கணினியில் ஒரு விளையாட்டு ஆடினார்கள். பாறைக்கு அடியில் பாம்பு இருக்குமா, இருக்காதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி மின்அதிர்ச்சி. வியர்வையையும் கண்மணியையும் பார்த்தபோது, அதிர்ச்சி கட்டாயம் வரும் என்று தெரிந்த நேரத்தைவிட, வரவும் வராமல் போகவும் சரிபாதி வாய்ப்பு இருந்த நேரத்தில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. அடி விழும் என்று தெரிந்தால் மனசு அதற்குத் தயாராகிவிடுகிறது. தெரியாதபோது மூளை ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. வெட்டிய கழுத்தைத் திரையில் காட்டுகிற இயக்குநர், அந்தக் கணக்குக்கு விடை சொல்லி முடித்துவிடுகிறார்.

1975இல் வந்த ‘ஜாஸ்’ படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புத்தண்ணீரில் அடிக்கடி பழுதானது. அதனால் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலே பல காட்சிகளை எடுக்க வேண்டியதாயிற்று. முதல் சாவில் சுறாவே தெரியாது. நீந்துகிற பெண்ணை எதுவோ கீழே இழுக்கிறது, அவ்வளவுதான். சுறாவைப் புட்டு செய்து சாப்பிடுகிற நம் கரைக்காரர்களுக்கும் அந்தக் காட்சி வயிற்றைக் கலக்கும். தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலை அவர்களுக்கும் பொதுதானே.

மீதி வேலை ஒலிக்கும் இருட்டுக்கும். திடீர்ச் சத்தம் கேட்டால் நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் கண் இமைக்கத் தொடங்கிவிடும். யோசிக்க நேரமே கிடையாது. இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் துள்ளல் பெரிதாகிறது என்பதும் அளந்து கண்டதுதான். அலறலுக்கும் தனிக் குணம் உண்டு. சாதாரணப் பேச்சில் இல்லாத ஒரு கரகரப்பு, நொடிக்கு 30 முதல் 150 தடவை ஏறி இறங்கும் ஒலியளவு, அதில் இருக்கிறது. ஆபத்தைக் கவனிக்கிற அமிக்டலா என்ற மூளைப்பகுதியை அது தட்டி எழுப்புகிறது. ஆனாலும் சத்தத்தை மட்டும் நம்பி எடுத்த படம் எனக்குப் பிடிப்பதில்லை. துள்ளல் ஒரு கணத்தில் அடங்கிவிடும். அதற்கு முந்தைய அமைதியை எவ்வளவு நீட்ட முடிகிறது என்பதில்தான் திறமை தெரியும்.

தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் தனுஷ்கோடிக்குக் கேமராவோடு போவதைப் பார்க்கிறேன். கூரையில்லாத தேவாலயம், இரண்டு பக்கமும் கடல், ஓயாத காற்று. ஒரு சொட்டு சிவப்புச் சாயம்கூட வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் அங்கே செத்தவர்களை மட்டும் பேயாக்க வேண்டாம். அவர்களை இழந்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கதைக்கு வேறு ஆளைத் தேடுங்கள். காற்றின் சத்தத்தைத் தனியாக, நல்ல மைக்கில் பதிவு செய்துகொள்ளுங்கள். படத்தில் ஓரிடத்தில் அதைச் சட்டென்று நிறுத்த வேண்டி வரும்.